நூற்றுக்கு நூறு தேர்ச்சி

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் பத்திரிகைகள் மாவட்டங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடும். எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, எந்தப் பாடத்தில் எத்தனை பேர் சதம் என்று தொலைக்காட்சிகள் இரண்டு நாள் அமளிப்படும். ஒரு பாடத்துக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இன்றுவரை இடம் கிடைக்கவில்லை. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ என்ற பாகுபாடு இல்லாமல், சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் ஒரே பாடம் அதுதான். அரியர் இல்லை, துணைத்தேர்வு இல்லை, நீட்டுக்கு ஆகிற மாதிரி கோச்சிங் செலவும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வரவில்லை என்று அசர் ஆய்வு விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு, வகுப்பில் யார் யார் என்ன ஆள் என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறாமல், தெருவாரியாக ஒப்பிப்பார்கள்.

சாதிதான் அந்தப் பாடம். இப்படிப் பட்டென்று பெயரைச் சொல்வது நாகரிகமில்லை என்று எனக்கும் தெரியும். "எங்க ஸ்கூல்ல அதெல்லாம் கிடையாது சார்" என்று தலைமையாசிரியர் சொல்வதும், "எங்க ஊர்ல எல்லாரும் தாயா பிள்ளையாத்தான் பழகுறோம்" என்று ஊர்ப் பெரியவர் சொல்வதும்தான் மரபு.

2021இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்தது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிக்கவும் கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது இலக்கு. அதற்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கையேடு, செயலி என்று எவ்வளவு ஏற்பாடு! நம்முடைய பாடத்துக்கு ஒரு சாக்பீஸ் செலவு கிடையாது. அது இல்லத்திலேயே தயாராகி, டிபன் பாக்ஸோடு பைக்குள் ஏறி, பள்ளியைத் தேடிப் போகிறது. எட்டு வயது வரைக்கும் காத்திருப்பதும் இல்லை.

என் மகள் இரண்டாம் வகுப்பு. நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய ஊர். நாலாம் வாய்ப்பாட்டில் இன்னும் இடறுகிற அவள், இந்தப் பாடத்தில் தேறிவிட்டாள். சொல்லிக்கொடுத்த சமூகத்துக்கு ஒரு தகப்பன் நன்றி சொல்ல வேண்டாமா? இன்னும் பிள்ளையைச் சேர்க்காத இளம் பெற்றோருக்கு உதவட்டும் என்று பாடத்திட்டத்தைத் தொகுத்துத் தருகிறேன். பாடநூல் கழகம் இதை அச்சடிப்பதில்லை. தீண்டாமை பாவம், குற்றம், மனிதர் செய்யக் கூடிய காரியமே அல்ல என்றுதான் அவர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் முகப்பில் போட்டு அனுப்புகிறார்கள். பிள்ளைகளும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே நடந்தவற்றிலிருந்துதான் திரட்ட வேண்டியிருந்தது. கற்பனைக்குத் தேவையே ஏற்படவில்லை.

முதல் பாடம்: மிட்டாய்

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். 2022 செப்டம்பர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெட்டிக்கடை முன்னால் நிற்கிறார்கள். கடைக்காரர் தின்பண்டம் தர மாட்டேன் என்கிறார். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருக்காரர்களுக்கு எதுவும் விற்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். கட்டுப்பாடு என்றால் என்னவென்று ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை, கேட்கிறது. அவரும் விளக்குகிறார். எல்லாம் வீடியோவில் இருக்கிறது.

பி.எட். கல்லூரிகள் அந்த வீடியோவைத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம். கருத்து விளக்கம், மாணவர் எழுப்பும் சந்தேகம், அதற்கான பதில், செயல்வழிக் கற்றல், கடைசியில் வீட்டுப்பாடம் என்று ஒரு மாதிரி வகுப்புக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. பிரம்பு இல்லை, அதட்டல் இல்லை. பிறகு கடைக்காரரைக் கைது செய்தார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள். மிட்டாய் பாட்டிலைப் பார்த்தபடி நின்ற அந்தப் பிள்ளைகள், தங்கள் தெருவுக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். அந்த அறிவைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

இரண்டாம் பாடம்: சோறு

2018 ஜூலையில், திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்கப் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஒருவர் வந்தார். பெற்றோர் திரண்டார்கள். கழிப்பறைக்குக் கதவு இல்லை, கணக்கு வாத்தியார் மாதக்கணக்கில் வரவில்லை என்றெல்லாம் எந்த ஊரிலும் திரளாத பெற்றோர், சாம்பாரைக் கிண்டும் கை யாருடையது என்பதற்காகத் திரண்டார்கள். பட்டா மாற்றத்துக்கு மாதக்கணக்கில் நடையாய் நடக்க வைக்கிற அரசு இயந்திரம், அந்தப் பெண்ணைக் கையோடு இடமாற்றம் செய்தது. இந்தப் பக்கம் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவானது. செப்டம்பரிலேயே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் சில பெற்றோர், சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே போய் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் அதே மாதத்தில் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. எம்.பி. கனிமொழி போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஐ.ஏ.எஸ். அதிகாரியும் நாடாளுமன்ற உறுப்பினரும் ருசி பார்த்துச் சான்றளித்தால்தான் உப்புமாவின் தீட்டுக் கழிகிறது. சாதியெல்லாம் இல்லை, சொந்தத் தகராறுதான் என்ற விளக்கமும் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து தவறாமல் வரும். அந்தத் தகராறு எப்போதும் ஒரே திசையிலிருந்து ஒரே திசைக்குத்தான் போகும்.

அந்த உசிலம்பட்டி எட்டயபுரம் பக்கத்து ஊர். பாப்பா பாட்டு எழுதிய பாரதி பிறந்த மண். 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்ததும் எட்டயபுரத்தில்தான். பசி தீர்ந்தால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்று நம்பினார் அவர். ஆறு வயதுப் பிள்ளையின் பசியையே தோற்கடிக்கிற பாடம் ஒன்று நம் வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த மனிதரின் கணக்குக்கூட எட்டிப் பிடிக்கவில்லை. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்த பிள்ளை, ஆவி பறக்கும் தட்டைத் தள்ளி வைக்கிறதென்றால் வீட்டில் எப்பேர்ப்பட்ட பயிற்சி நடந்திருக்க வேண்டும்!

மூன்றாம் பாடம்: சுகாதாரம்

ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் ஒரு தொடக்கப்பள்ளி, 2022ஆம் ஆண்டு. ஒரு பையனுக்கு டெங்கு வந்தது. எப்படி வந்தது என்று தாய் விசாரித்தபோது, பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைக்கிறார்கள் என்ற விஷயம் வெளியே வந்தது. அந்தப் புகாரில் தலைமையாசிரியை கைதானார். டெங்கு வராமலிருந்திருந்தால் பாடம் தடையில்லாமல் நடந்திருக்கும்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது ரோல் நம்பர் வரிசையைப் பார்ப்பதில்லை, அகர வரிசையைப் பார்ப்பதில்லை. வேறொரு வரிசை இருக்கிறது. அதை ஆசிரியர் தலைக்குள் வைத்திருக்கிறார். எல்லாப் பள்ளியிலும் துடைப்பம் தேவை என்பதில்லை. "ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். நின்ற பிள்ளைகளுக்கு ஒரு பாடம், உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்த பிள்ளைகளுக்கு இன்னொரு பாடம். ஒரே பீரியடில் இரண்டையும் நடத்துகிற ஆசிரியருக்கு நல்லாசிரியர் விருது தடையில்லாமல் கிடைக்கும்.

நான்காம் பாடம்: வண்ணங்கள்

ஏழை பணக்காரன், மேல்தெரு கீழ்த்தெரு தெரியக் கூடாது என்பதற்காக வந்தது சீருடை. நம் பிள்ளைகள் புத்திசாலிகள். சட்டை ஒரே நிறமாக இருந்தால் என்ன, மணிக்கட்டு காலியாகத்தானே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சிவப்பும் மஞ்சளும் ஒரு ஆளுக்கு, நீலமும் மஞ்சளும் இன்னொரு ஆளுக்கு, காவி வேறொரு ஆளுக்கு என்று திருநெல்வேலிச் சீமைப் பள்ளிகளில் கயிறுகள் கட்டப்பட்ட செய்தி 2015வாக்கிலேயே பத்திரிகைகளில் வந்துவிட்டது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, பனியன் நிறம், சைக்கிளில் ஸ்டிக்கர் என்று கலைப்படைப்புகள் பெருகின. கபடி அணியில் யார், கிளாஸ் லீடர் யார், பஸ்ஸில் எந்த சீட்டில் யார் என்பதெல்லாம் மணிக்கட்டைப் பார்த்து முடிவாயின.

2019 ஜூலை கடைசியில் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதிக் கயிறு கட்ட விடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். உடனே பா.ஜ.க.வின் எச். ராஜா, கயிறு கட்டுவதும் திலகமிடுவதும் இந்து நம்பிக்கை என்று கொதித்தார். ஆகஸ்ட் பாதிக்குள் பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன், சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமலே போய்விட்டது, பழைய நிலையே தொடரும் என்று சொல்லிவிட்டார். பழைய நிலை தொடர்வதில் தமிழ்நாட்டு அரசுகளுக்கு இருக்கிற திறமையை யாரும் சந்தேகிக்க முடியாது. அரை முழக் கயிற்றை எதிர்த்து ஒரு துறை, ஒரு இயக்குநரகம், ஒரு அமைச்சரவை இரண்டு வாரத்துக்குமேல் நிற்க முடியவில்லை. அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு திரிந்த பதிமூன்று வயதுப் பையன் அன்றைக்குப் புரிந்துகொண்டான், இந்த நாட்டில் யார் பலசாலி என்று.

ஐந்தாம் பாடம்: செய்முறைத் தேர்வு

2023 ஆகஸ்ட் 9, இரவு. நாங்குநேரி.

வள்ளியூர்ப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவன், கூடப் படிக்கிறவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகவில்லை. காரணம் கேட்டபோது சொன்னான். பள்ளிக்குப் புகார் போனது. அன்றிரவே அதே பள்ளிப் பையன்கள் அரிவாளோடு அவன் வீட்டுக்குள் வந்தார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த முதியவர், அவர்களின் உறவினர், அங்கேயே சரிந்து இறந்தார்.

வெட்டினவர்களும் பிள்ளைகள். காலையில் அதே பிரேயரில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிய பிள்ளைகள். அரிவாளை எங்கிருந்து எடுத்தார்கள் என்று போலீஸ் விசாரிக்கும்; அது அவர்கள் வேலை. அரிவாளுக்கு முன்னால் கயிறு, கயிற்றுக்கு முன்னால் தட்டு, தட்டுக்கு முன்னால் மிட்டாய் என்று பின்னோக்கி விசாரித்துக்கொண்டு போனால், கடைசியில் ஒரு வீட்டு நடையில் போய் நிற்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு தாயோ தகப்பனோ தாத்தாவோ, மடியில் இருக்கிற பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "அவங்க வீட்டுக்கெல்லாம் போகப்படாது, சரியா?" என்று கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கொஞ்சலை எந்த எஃப்.ஐ.ஆரிலும் சேர்க்க முடியாது.

வெட்டுப்பட்ட மாணவன் தேறி வந்து, 2024இல் பிளஸ் டூ தேர்வு எழுதி 600க்கு 469 வாங்கினான். நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வெட்டியவர்களுக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல் உண்டு. அவர்கள் எழுதிய பாடத்தை நடத்தியது யார் என்று கேட்க அந்தக் கொண்டாட்டத்தில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பேருந்தில் போன பிளஸ் ஒன் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். அவன் விரல்கள் துண்டாயின. பேனா பிடிக்கப் போன பிள்ளை அவன். செய்முறைத் தேர்வு ஆண்டு தவறாமல் நடக்கிறது.

ஆய்வாளர் வருகை

நாங்குநேரிக்குப் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைத் தனிநபர் குழுவாகப் போட்டது. 2024 ஜூன் 18இல் அவர் முதல்வரிடம் 610 பக்க அறிக்கையைக் கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது. பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வையுங்கள். உதவித்தொகைக்காகப் பிள்ளையின் சாதியை வகுப்பறையில் கூவாதீர்கள். ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி அதிகமோ அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமையாசிரியராகப் போடாதீர்கள். உணவுக்குப் பொதுச் சமையற்கூடம் வையுங்கள். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம். இதற்கெல்லாம் ஒரு தனிச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று அடுக்கிக்கொண்டு போனார்.

610 பக்கத்தில் நம் பொதுமக்களின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பொட்டு. நெற்றித் திலகத்தில் கை வைக்கிறார்கள், இந்து விரோதம், நிராகரி என்று கூச்சல் எழும்பியது. பொட்டு வைத்த பிள்ளையை யாராவது வெட்டினார்களா? பொட்டைக் காப்பாற்ற வந்தவர்களில் எத்தனை பேர் நாங்குநேரி வீட்டின் வாசலில் போய் நின்றார்கள்? தலைமையாசிரியரை எந்தச் சாதியில் போடுவது என்ற பரிந்துரையைப் படித்துவிட்டு, "வாத்தியாரையே சந்தேகப்படலாமா?" என்று மனம் புண்பட்டவர்களும் உண்டு. புண்படுவதற்கு நம்மிடம் மனம் ஏராளமாக இருக்கிறது. புண்ணாவதற்கு மட்டும் வேறு வீட்டுப் பிள்ளைகளின் உடம்பு வேண்டியிருக்கிறது.

ஆங்கில வழிப் பிரிவு

இதையெல்லாம் படித்துவிட்டு, "அது கிராமத்துல, கவர்மென்ட் ஸ்கூல்ல" என்று நிம்மதியாகக் காபி ஆற்றுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவே இந்தப் பிரிவு. தனியார் பள்ளியில் அரிவாள் கிடையாது. சிசிடிவி உண்டு. பாடம் நடப்பது இன்னும் இங்கிதமாக.

"சொந்த ஊர் எது சார்?" "ஓ, அங்க எந்தப் பக்கம்?" "குலதெய்வம் எது?" என்று மூன்றே கேள்வியில் முடித்துவிடுவார்கள். எதிராளியின் முதுகில் அன்போடு தட்டிக்கொடுத்துச் சட்டைக்குள் நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற பழைய வித்தையும் ஒழிந்துவிடவில்லை. டிபன் பாக்ஸில் முட்டை கூடாது என்று சுற்றறிக்கை வரும், சுத்தத்துக்காகவாம். வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கும், அதற்குள்ளிருந்து பிரிந்த இன்னொரு சின்னக் குழு இருக்கும். பிறந்தநாள் அழைப்பு எந்தக் குழுவில் வருகிறது என்று பார்த்தாலே வீட்டுக்கு வீடு சாதிக் கணக்கெடுப்பு முடிந்துவிடும்.

என் மகள் படிப்பதும் அப்படி ஒரு பள்ளியில்தான். ஒரு நாள் சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும், ஷூவைக்கூடக் கழற்றாமல், "யப்பா, நம்ம என்ன ஆளுப்பா?" என்றாள். வேனில் கூட வருகிற ஐந்தாம் வகுப்பு அக்கா கேட்டிருக்கிறாள். இவள் தெரியாது என்றிருக்கிறாள். ஐயே, இதுகூடத் தெரியாதா என்று வேனே சிரித்திருக்கிறது. "நாளைக்குச் சொல்லணும்ப்பா" என்று அழுகைக்குப் பக்கத்தில் நின்றாள், ஹோம்வொர்க் செய்யாமல் மாட்டிக்கொண்ட பிள்ளையாட்டம். தெரியாமல் இருந்ததற்காகக் கூசிப் போயிருந்தாள் ஏழு வயதுப் பிள்ளை. எது தெரியாமல் இருந்ததால் அவள் அதுவரை எல்லோரோடும் கட்டிப் புரண்டாளோ, அதற்காகவே கூசிப் போயிருந்தாள்.

"அது எதுக்கு உனக்குன்னு திருப்பிக் கேளு" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்து சொன்னாள்: "கேட்டேன்ப்பா. அவங்க அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்களாம்."

பத்து வயதுப் பெண் தூது. ஏழு வயதுப் பெண்ணிடம் விசாரணை. தெருமுனையில் பார்த்தால் என்னிடம் "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" என்று சிரிக்கிற அந்தத் தாய்க்கு, நேரே கேட்கக் கூச்சம். கூச்சம் இருக்கிறதென்றால் தப்பு என்று தெரிந்திருக்கிறது. தப்பு என்று தெரிந்தே பிள்ளையை அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என் மகள் திடீரென்று நிறுத்தி, "அவ என்ன ஆளுன்னு கேட்டுட்டுத்தான் பர்த்டேக்குக் கூப்பிடணுமாப்பா?" என்றாள்.

தேறிவிட்டாள் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? இதுதான் அந்த விடைத்தாள்.

அடிக்கடி எழும் ஒரு சந்தேகம்

"சாதியைக் கேக்குறதே கவர்மென்ட்தான சார்? அட்மிஷன் ஃபாரத்துல அந்தக் காலத்தை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு வாதம் உண்டு. பெரும்பாலும் சொல்கிறவர் அதுவரை சொன்ன எதற்கும் வாய் திறந்திருக்க மாட்டார். மிட்டாய்க்குப் பேசவில்லை, சோற்றுக்குப் பேசவில்லை, அரிவாளுக்குப் பேசவில்லை. இடஒதுக்கீடு என்றதும் சாதி ஒழிப்புப் போராளியாகிவிட்டார். சாதியும் மதமும் இல்லை என்று எழுதலாம், காலியாகவும் விடலாம் என்று 1973லேயே தமிழ்நாட்டில் அரசாணை வந்துவிட்டது. ஐயா, நீங்கள் உங்கள் பிள்ளைக்குக் காலியாக விட்டீர்களா? மகனுக்குப் பெண் பார்க்கும்போது விளம்பரத்தில் அந்தக் காலத்தைக் காலியாக விட்டீர்களா? தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடத்து வாசலைச் சாதி சொல்லிப் பூட்டினவர்கள், திறக்கிற சாவியில் சாதி பேர் எழுதியிருக்கிறதே என்று மூக்கைச் சுளிக்கிறார்கள். விண்ணப்பத்தில் இருக்கிற சாதி, பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு. வேனில் கேட்கப்படுகிற சாதி, மறுபடி பறிப்பதற்கு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் யாருமில்லை. தெரியாத மாதிரி இருப்பதில் வசதி இருக்கிறது.

கடைசியாக, இவ்வளவு தூரம் படித்து வந்த உங்களிடம் ஒன்று. இந்தக் கட்டுரையில் எங்காவது ஓரிடத்தில், "இவர் என்ன ஆளா இருப்பார்?" என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள். பாளையங்கோட்டை என்றதும் கொஞ்சம், "யப்பா" என்றதும் கொஞ்சம், எந்த ஊர்ப் பெயரை முதலில் சொன்னேன், எதை வேகமாகத் தாண்டினேன் என்பதை வைத்துக் கொஞ்சம். நான் சொன்னதில் நியாயம் உண்டா இல்லையா என்பதைக்கூட அந்தக் கணக்கு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கும் யாரோ ஏழு வயதில் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆனால் நீங்கள் இப்போது ஏழு வயதுப் பிள்ளை இல்லை. உங்களுக்கு ஓட்டு இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நாற்காலி இருக்கிறது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற கை இருக்கிறது. அந்த 610 பக்கத்தை ஏன் சட்டமாக்கவில்லை என்று ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரரையும் மறித்துக் கேட்கலாம். எஸ்.சி. பிள்ளைகள் எந்திரியுங்கள் என்று சொல்கிற ஆசிரியரைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். இதில் எதையுமே செய்ய மாட்டீர்கள் என்றால், ஒன்றையாவது செய்யாமல் இருங்கள். உங்கள் வேவு வேலைக்குப் பத்து வயதுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நான் என்ன ஆள் என்று தெரிந்தே தீர வேண்டுமா? வீடு தெரியும், வாசல் தெரியும். நீங்களே வந்து, என் முகத்தைப் பார்த்து, உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, சத்தமாகக் கேளுங்கள். பதில் தயாராக வைத்திருக்கிறேன்.